நிழலைச் செதுக்கியவர், நிழலைத் துடைத்தவர்: கேமராமேன் கார்ல் ஃப்ராய்ண்ட்

இந்த எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

'ஃப்ரெண்ட்ஸ்' பார்த்திருப்பீங்க. 'பிக் பேங் தியரி' பார்த்திருப்பீங்க. இரண்டிலும் வெளிச்சத்தைக் கவனிச்சிருக்கீங்களா? சோஃபாவில் உட்கார்ந்தாலும், சமையல்கட்டுக்குப் போனாலும், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாலும், முகத்தில் ஒரே அளவு வெளிச்சம். நிழல்னு ஒண்ணு பெரிசா இருக்கவே இருக்காது. நம்ம கல்யாண மண்டபத்து வீடியோ மாதிரி பளிச்சுனு இருக்கும். இது தற்செயல் இல்லை. 1951ல் ஹாலிவுட்டில் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டு அமைத்த முறை அது. இன்றைக்கும் அந்த வகை சீரியல்கள் கிட்டத்தட்ட அதே முறையில்தான் எடுக்கப்படுகின்றன.

இப்போ இன்னொரு பக்கம். 1920ல் வந்த 'தி கோலம்', 1927ல் வந்த 'மெட்ரோபோலிஸ்', 1931ல் வந்த 'டிராகுலா'. நிழலை வைத்தே பயமுறுத்தின படங்கள். இருட்டு கூட ஒரு கதாபாத்திரம் மாதிரி நிற்கும்.

இந்த இரண்டு பக்கத்துக்கும் பின்னால் இருந்தது ஒரே ஆள். பெயர் கார்ல் ஃப்ராய்ண்ட். மௌனப் பட காலத்து கேமராமேன். சினிமா வரலாற்றில் இவரைப் பற்றி எழுதுகிற பலர், "மாஸ்டரா ஆரம்பிச்சு டிவியில் போய் முடிஞ்சார்" என்கிற தொனியில் எழுதுவார்கள். எனக்கு அது சரியாகப் படலை. ஏன் என்பதுதான் இந்த எபிசோட்.

கைப்பிடி சுற்றுகிற வேலை

ஃப்ராய்ண்ட் பிறந்தது 1890ல், பொஹீமியாவில். இன்றைய செக் குடியரசு. யூதக் குடும்பம். அவருக்குப் பதினொரு வயது இருக்கும்போது குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. பதினைந்து வயதில் சினிமா ஆபரேட்டருக்கு உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். அதாவது முதலில் அவர் கற்றுக்கொண்டது படம் எடுப்பதை இல்லை, படம் ஓட்டுவதை. இருபது வயதுக்குள் கேமராவுக்குப் பின்னால் வந்துவிட்டார்.

அந்தக் காலத்து கேமராமேன் வேலை என்னன்னு கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. கேமரா ஒரு மரப்பெட்டி. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதை விநாடிக்கு இரண்டு சுற்று சுற்றணும். ஒரு சுற்றுக்கு எட்டு ஃப்ரேம், ஆக விநாடிக்கு பதினாறு. நடிகர் அழுதாலும், பக்கத்தில் குதிரை மிரண்டு ஓடினாலும், கை அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கணும். கை தடுமாறினால் திரையில் ஆள் தடுமாறுவார்.

ஃபிலிமும் நம்ம கண் பார்க்கிற மாதிரி பார்க்காது. அன்றைய ஃபிலிமுக்கு சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பு உதடு கறுப்பாக விழும். நீல வானம் வெள்ளையாக விழும். வெளிச்சத்தை அளக்க நம்பகமான கருவியும் இல்லை. கேமராமேன் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அனுபவத்தில் ஒரு முடிவுக்கு வந்து, லென்ஸைத் திறப்பார். சரியா தப்பா என்பது லேபில் ஃபிலிமைக் கழுவின பிறகுதான் தெரியும். அதுக்குள்ள செட்டைப் பிரித்திருப்பார்கள்.

இதில் இரண்டு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒன்று, கைப்பிடி. இன்னொன்று, கண்ணால் வெளிச்சத்தை மதிப்பிடுவது. ஃப்ராய்ண்டின் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டு தளையையும் அவிழ்க்கிற கதைதான்.

முதல் உலகப்போர் முடிந்து ஜெர்மனி தோற்றுக் கிடந்த வருடங்களில், பெர்லினின் சினிமா உலகம் திடீரென்று பெரிதாகியது. பாவுல் வெகெனர் இயக்கி நடித்த 'தி கோலம்' 1920ல் வந்தது. பிராக் நகரத்து யூதக் குடியிருப்பில் ஒரு ரப்பி களிமண்ணால் ஒரு காவலாளைச் செய்து உயிர் கொடுப்பார் என்பது பழைய கதை. கட்டடக் கலைஞர் ஹான்ஸ் போல்ட்ஸிக் அந்தத் தெருக்களைக் கோணல்மாணலாக, புற்று மாதிரி கட்டிக் கொடுத்தார். அதில் எங்கே வெளிச்சம் விழணும், எங்கே விழக் கூடாது என்று தீர்மானித்தது ஃப்ராய்ண்ட். அந்தப் படத்திலேயே அவர் நிழலை எவ்வளவு நம்பினார்னு தெரியும். ஆனால் கேமரா இன்னும் மூன்று கால் ஸ்டாண்டில்தான் நின்றது.

கேமரா நடக்க ஆரம்பித்த வருடம்

1924. யூஃபா ஸ்டுடியோ. தயாரிப்பாளர் எரிக் பொம்மர், இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ், கதை கார்ல் மேயர், கேமரா கார்ல் ஃப்ராய்ண்ட். படத்தின் ஆங்கிலப் பெயர் 'தி லாஸ்ட் லாஃப்'. ஜெர்மன் பெயருக்கு 'கடைசி மனிதன்' என்று அர்த்தம்.

கதை ரொம்பச் சின்னது. பெரிய ஹோட்டல் ஒன்றின் வாசலில் நிற்கிற வயதான காவலாளி. எமில் யானிங்ஸ் நடித்தார். பித்தளைப் பட்டன் வைத்த நீளக் கோட்டு, விறைப்பான நடை. அந்த யூனிஃபார்முக்காகவே அவர் குடியிருக்கிற காலனியில் எல்லோரும் மரியாதை கொடுப்பார்கள். ஒரு நாள் ஒரு கனமான பெட்டியைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பதை மேனேஜர் பார்த்துவிடுகிறார். அடுத்த நாள் வாசலில் வேறு ஆள். இவரைக் கீழே கழிவறைக்கு அனுப்பி, துண்டு எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். கோட்டைக் கழற்றச் சொல்கிற காட்சி, உயிரோட தோலை உரிக்கிற மாதிரி இருக்கும்.

இந்தக் கதையை வசன அட்டையே இல்லாமல் சொல்லணும் என்பது மேயரின் பிடிவாதம். மௌனப் படத்தில் நடுநடுவே எழுத்து வரும் இல்லையா, அது. முழுப் படத்திலும் கடைசிப் பகுதிக்கு முன்னால் ஒரே ஒரு அட்டைதான் வரும். அப்போ அந்த மனுஷனுடைய மனசில் ஓடுவதை யார் சொல்வது? கேமரா சொல்லணும். அதுக்கு கேமரா அவர் கூடவே போகணும், அவர் கண்ணாலேயே பார்க்கணும்.

இங்கேதான் கைப்பிடிப் பிரச்சினை. ஒரு கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பெட்டியை எப்படி எடுத்துக்கொண்டு நடப்பது?

படத்தின் முதல் ஷாட்டிலேயே பதில் இருக்கு. கேமரா ஹோட்டல் லிஃப்டில் மேலிருந்து கீழே இறங்கும். கம்பிக் கதவு திறக்கும். வெட்டே இல்லாத மாதிரி, கூட்டமான முன்கூடத்தைக் கடந்து சுழல் கதவு வரைக்கும் மிதந்து போகும். கதவுக்கு அந்தப் பக்கம் மழை, காவலாளி, குடை. இதை எடுக்க, கேமராவை ஒரு சைக்கிளில் பொருத்தி லிஃப்டில் ஏற்றினார்கள். லிஃப்ட் தரைக்கு வந்ததும் சைக்கிள் அப்படியே உருண்டு வெளியே வந்தது.

அடுத்தது குடிபோதைக் காட்சி. வீட்டில் கல்யாண விருந்து முடிந்து பெரியவர் நிலை தடுமாறி உட்கார்ந்திருக்கிறார். அறை சுற்றுகிறது. ஃப்ராய்ண்ட் கேமராவைத் தன் நெஞ்சில் வாரால் கட்டிக்கொண்டார். எடை முன்பக்கம் இழுக்காமல் இருக்க, பேட்டரிகளை முதுகில் கட்டினார். இப்போது கைப்பிடி வேண்டாம், மோட்டார் பார்த்துக்கொள்ளும். பிறகு அவரே குடிகாரர் மாதிரி அறைக்குள் தள்ளாடி நடந்தார். நல்ல பருமனான ஆள் அவர். அந்த உடம்போட, நெஞ்சிலும் முதுகிலும் இரும்பைச் சுமந்துகொண்டு தள்ளாடுவதை நினைத்துப் பாருங்க. இன்றைக்கு நாம் செல்போனை ஜிம்பலில் மாட்டிக்கொண்டு மெரினாவில் நடந்தபடி வீடியோ எடுக்கிறோமே, அதுக்குத் தாத்தா இந்த வாரும் பேட்டரியும்தான்.

இன்னொரு ஷாட். முற்றத்தில் ஒருவர் ஊதுகுழல் ஊதுவார். படத்தில் சத்தம் கிடையாது. ஆனால் கேமரா குழலின் வாயிலிருந்து கிளம்பி, காற்றில் பின்னோக்கி எழும்பி, மேல் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் வரைக்கும் போகும். அதாவது கேமரா இங்கே சத்தமாக மாறிவிட்டது. பார்க்கிறவன் காதில் இசை கேட்டுவிடும்.

இந்த முறைக்கு ஜெர்மன் விமர்சகர்கள் வைத்த பெயர், தமிழில் சொன்னால் 'கட்டவிழ்ந்த கேமரா'. அந்தச் சமயத்தில் பெர்லினில் வேலை பார்க்க வந்திருந்த ஒரு இளம் ஆங்கிலேயர், முர்னாவ் படம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பெயர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். அங்கே கற்றுக்கொண்டதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடறேன். கேமராவை முதன்முதலில் நகர்த்தியது ஃப்ராய்ண்ட் இல்லை. 1914லேயே இத்தாலியப் படமான 'கபீரியா'வில் கேமரா ட்ராலியில் நகர்ந்தது. ஆனால் அங்கே அது பிரம்மாண்டமான செட்டைச் சுற்றிக் காட்டுவதற்காக நகர்ந்தது. இங்கே ஒரு கிழவரின் அவமானத்துக்குள் நுழைவதற்காக நகர்ந்தது. யார் முதல் என்கிற போட்டியைவிட இந்த வித்தியாசம்தான் முக்கியம்னு நினைக்கிறேன். இன்னொன்றும்: இது தனி ஆள் சாதனை இல்லை. மேயர் எழுத்தில் கேட்டார், முர்னாவ் பிடிவாதமாகக் கேட்டார், செட் அமைத்த ராபர்ட் ஹெர்ல்த்தும் வால்டர் ரோரிக்கும் கேமரா போக வழிவிட்டுக் கட்டினார்கள். முடியுமா என்று கேட்டபோது முடித்துக் கொடுத்தவர் ஃப்ராய்ண்ட்.

ஊஞ்சல், கண்ணாடி, பெட்டி

அடுத்த மூன்று வருடம் அவருக்கு உச்சம். 1925ல் 'வெரைட்டி'. சர்க்கஸ் ஊஞ்சல் வீரர்களின் காதல், பொறாமை, கொலைக் கதை. கேமராவை ஊஞ்சலிலேயே ஏற்றினார். கீழே ரசிகர்களின் முகங்கள் வெள்ளம் மாதிரி வந்து வந்து போகும். அமெரிக்காவிலும் அந்தப் படம் பெரிய வெற்றி.

1927 ஜனவரியில் ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்'. ஃப்ராய்ண்டும் குந்தர் ரிட்டாவும் சேர்ந்து ஒளிப்பதிவு. அந்த மாநகரம் பெரும்பாலும் மினியேச்சர். அதற்குள் நிஜ மனிதர்கள் நடமாடுவது எப்படி? ஆய்கென் ஷூஃப்டான் என்பவர் கண்டுபிடித்த உத்தி அது. கேமராவுக்கு முன்னால் 45 டிகிரியில் ஒரு கண்ணாடி. அதில் மினியேச்சர் கட்டடம் பிரதிபலிக்கும். ஆட்கள் வரவேண்டிய இடத்தில் மட்டும் கண்ணாடியின் ரசத்தைச் சுரண்டிவிடுவார்கள். அந்த ஓட்டை வழியாகத் தூரத்தில் நிற்கிற நிஜ நடிகர்கள் தெரிவார்கள். இரண்டும் ஒரே ஃபிலிமில், ஒரே நேரத்தில் பதிவாகும். ஒரு துண்டுக் கண்ணாடியில் கிராஃபிக்ஸ் வேலையை முடித்துவிட்டார்கள்.

அதே வருடம் வால்டர் ரூட்மான் இயக்கிய 'பெர்லின்: ஒரு மாநகரின் சிம்பனி'. காலையிலிருந்து நள்ளிரவு வரை ஒரு நகரத்தின் ஒரு நாள். நடிகர்கள் கிடையாது. ஃப்ராய்ண்ட் இதில் தயாரிப்பிலும் திரைக்கதையிலும் பங்கெடுத்து, ஒளிப்பதிவாளர் குழுவையும் வழிநடத்தினார். கேமராவைப் பார்த்தால் ஜனங்கள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் பக்கவாட்டில் துளை போட்ட வண்டிக்குள்ளும், சாதாரணப் பயணப் பெட்டி மாதிரி தெரிகிற பெட்டிக்குள்ளும் கேமராவை ஒளித்தார்கள். ராத்திரி வீதியைத் தனி விளக்கு போடாமல் எடுக்கணும். ஃபிலிமின் உணர்திறனை ரசாயன முறையில் கூட்டி, கடை விளக்கையும் தெருவிளக்கையும் வைத்தே எடுக்க வழி செய்தார்.

பாருங்க, மூன்று படத்திலும் அவர் செய்தது ஒரே வகை வேலை. 'இது முடியாது' என்று இருந்த ஒரு இடத்துக்குப் போய், ஏன் முடியாது என்று பிரித்துப் பார்த்து, அந்தக் காரணத்தை அகற்றுவது. சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற என்னை மாதிரி ஆட்களுக்கு இந்த மனநிலை நல்லாத் தெரியும். ஆனால் நாங்கள் தப்பாகச் செய்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போகலாம். அவருக்கு அந்த வசதி இல்லை.

கடல் தாண்டியபோது

1929ல் ஃப்ராய்ண்ட் அமெரிக்காவுக்குப் போனார். ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் மூன்று வருடத்துக்கும் மேல் இருந்தது. அவர் தப்பி ஓடவில்லை, வேலைக்காகப் போனார். இது பிறகு எவ்வளவு பெரிய விஷயமாக மாறப்போகிறது என்று அப்போது யாருக்குமே தெரியாது.

ஹாலிவுட்டில் சினிமா பேச ஆரம்பித்திருந்தது. அதுக்குக் கொடுத்த விலை கேமராவின் கால்கள். கேமரா ஓடுகிற சத்தம் மைக்கில் விழாமல் இருக்க, கேமராவையும் கேமராமேனையும் சேர்த்தே ஒரு பெட்டிக்குள் அடைத்தார்கள். பெர்லினில் அவிழ்த்த கட்டை இங்கே மறுபடி கட்டிவிட்டார்கள்.

இந்தச் சூழலில்தான் டாட் ப்ரௌனிங் இயக்கத்தில் 'டிராகுலா'. படத்தின் பெரும்பகுதி மேடை நாடகம் மாதிரி அசையாமல் நிற்கும். ஆனால் ஆரம்பத்தில் கல்லறை அறையில் கேமரா மெதுவாக டிராகுலாவை நோக்கி நகர்கிற இடம் இருக்கிறதே, அங்கே பழைய ஃப்ராய்ண்டைப் பார்க்கலாம். பெலா லுகோசியின் கண்களில் மட்டும் விழுகிற மாதிரி இரண்டு சின்ன ஒளிக்கீற்று. முகம் இருட்டு, கண் மட்டும் வெளிச்சம். இன்றைக்குப் பேய்ப்படம் எடுக்கிற எல்லோரும் அதைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் நடித்த டேவிட் மேனர்ஸ், தன் நினைவில் படத்தை இயக்கியது ஃப்ராய்ண்ட்தான் என்று பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னார்.

அடுத்த வருடமே இயக்குநராகவும் ஆனார். 1932ல் 'தி மம்மி'. போரிஸ் கார்லாஃப் மம்மியாக எழுந்திருக்கிற காட்சியில் அவர் எழுந்திருப்பதை ஃப்ராய்ண்ட் முழுசாகக் காட்டவே இல்லை. சுருளை எடுக்கிற ஒரு கை. பிறகு தரையில் இழுபட்டுப் போகிற துணிக்கட்டு. அதைப் பார்த்து ஒரு இளைஞன் பைத்தியம் பிடித்துச் சிரிக்கிறான். அவ்வளவுதான். 1935ல் 'மேட் லவ்' படத்தோடு இயக்கத்தை விட்டுவிட்டு கேமராவுக்கே திரும்பினார். 1937ல் வந்த 'தி குட் எர்த்' படத்துக்கு ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் கிடைத்தது.

1937

விருதுப் பட்டியலில் வராத ஒரு விஷயம் அதே 1937ல் நடந்தது. ஃப்ராய்ண்ட் ஜெர்மனிக்குத் திரும்பிப் போனார். நாஜி ஜெர்மனிக்கு. தன் ஒரே மகள் கெர்டாவை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டு வருவதற்காக. அழைத்து வந்தும் விட்டார்.

மகளின் அம்மா, அதாவது அவர் பிரிந்திருந்த முன்னாள் மனைவி சூசெட், ஜெர்மனியிலேயே தங்கிவிட்டார். அவரை ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமில் அடைத்தார்கள். 1942 மார்ச்சில் பெர்ன்பர்க் என்கிற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நோயாளிகளைக் கொல்வதற்காக நாஜிகள் அமைத்த நிலையம் அது. பிறகு முகாம் கைதிகளையும் அங்கே அனுப்பினார்கள்.

நான் 'தி லாஸ்ட் லாஃப்' படக்குழுவை மறுபடி யோசித்துப் பார்க்கிறேன். தயாரிப்பாளர் எரிக் பொம்மர் யூதர். 1933ல் யூஃபா அவரை வேலையிலிருந்து நீக்கியது. கதாசிரியர் கார்ல் மேயரும் யூதர். லண்டனில் அகதியாக வாழ்ந்து, 1944ல் வறுமையில் இறந்தார். முர்னாவ் 1931லேயே கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் போய்விட்டார். 'மெட்ரோபோலிஸ்' கண்ணாடி உத்தியைக் கண்டுபிடித்த ஷூஃப்டான் பிரான்ஸுக்கு ஓடி, அங்கிருந்து அமெரிக்காவுக்கு ஓடினார். யூனிஃபார்மை இழந்த கிழவராக நடித்து உலகத்தை அழவைத்த எமில் யானிங்ஸ்? அவர் ஜெர்மனியில் தங்கி, கோயபெல்ஸின் பிரச்சாரப் படங்களில் நடித்தார்.

ஒரே படத்தில், ஒரே லிஃப்டைச் சுற்றி நின்ற ஆட்கள் இவர்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இப்படிச் சிதறிவிட்டார்கள். ஃப்ராய்ண்டின் அமெரிக்க வருடங்களைப் பற்றிப் பேசும்போது "பெர்லின் அளவுக்கு இல்லையே" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒப்பிடுவதற்கு அந்த பெர்லின் மிச்சம் இருக்கவில்லை.

வெளிச்சத்தை எண்ணாக மாற்றுதல்

இப்போ நம்ம இரண்டாவது தளைக்கு வருவோம். கண்ணால் மதிப்பிடுவது.

1941ல் ஃப்ராய்ண்ட் கலிஃபோர்னியாவில் ஃபோட்டோ ரிசர்ச் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். வெளிச்சத்தை அளக்கிற மீட்டர்கள் செய்வதுதான் வேலை. கேமராமேனாக இருந்துகொண்டே கம்பெனியும் நடத்தினார். ஒரு பொருளின் பிரகாசத்தை நேரடியாக முள்ளில் காட்டுகிற மீட்டருக்காக, 1954ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது அவருக்கும் அவருடைய சக ஊழியர் ஒருவருக்கும் கிடைத்தது. பின்னாளில் அந்தக் கம்பெனி டிஸ்ப்ளே திரைகளின் பிரகாசத்தையும் நிறத்தையும் அளக்கிற கருவிகளுக்குப் பேர்போனது.

கண்ணைச் சுருக்கிப் பார்த்து லென்ஸைத் திறந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்தத் திறமை இருந்ததால்தான் அவருக்கு மரியாதை. அதையே யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்கிற ஒரு எண்ணாக மாற்றினார். தன் தொழில் ரகசியத்தைப் பெட்டியில் போட்டு விற்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

லூசியின் வீட்டுக் கூடம்

1951. நடிகை லூசில் பாலும் அவர் கணவர் டெஸி ஆர்னாஸும் 'ஐ லவ் லூசி' என்கிற டிவி தொடரை ஆரம்பிக்கிறார்கள். அன்றைக்கு டிவி என்றால் நியூயார்க்கிலிருந்து நேரலை. நாட்டின் மறுகோடிக்கு எப்படி அனுப்புவார்கள்? டிவி திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்து, திரையையே படம் பிடித்து, அந்தப் பிரதியை அனுப்புவார்கள். நம்ம ஊர்ல புதுப் படத்தைத் தியேட்டரில் திருட்டுத்தனமா கேமராவில் எடுத்து விற்பாங்களே, அந்தத் தரம்தான் இருக்கும்.

லூசியும் டெஸியும் ஹாலிவுட்டை விட்டு நகரத் தயாராக இல்லை. ஸ்பான்சர் சிகரெட் கம்பெனிக்கோ நாடு முழுக்க நல்ல தரத்தில் படம் வேணும். டெஸி சொன்ன வழி: 35 மில்லிமீட்டர் ஃபிலிமிலேயே எடுத்துவிடலாம். செலவு ஏறும் என்றார்கள். தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ள இருவரும் சம்மதித்தார்கள். பதிலுக்கு அந்த ஃபிலிமின் உரிமை தங்களுக்கு வேணும் என்றார்கள். ஒளிபரப்பு முடிந்த ஒரு நிகழ்ச்சியின் பிரதிக்குப் பெரிய மதிப்பு இருக்கும்னு யாரும் நினைக்காத காலம். கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு சிக்கல். லூசிக்கு எதிரில் நிஜமான ரசிகர்கள் இருந்தால்தான் நகைச்சுவை வரும். அதனால் சுமார் 300 பேர் உட்கார்ந்து பார்க்க, நாடகம் மாதிரி தொடர்ந்து நடிக்கணும். சினிமாவிலோ ஒவ்வொரு ஷாட்டுக்கும் நிறுத்தி, விளக்கை மாற்றி, மறுபடி நடிக்கவைப்பார்கள். ரசிகர்கள் அதுவரை காத்திருந்து அதே ஜோக்குக்கு மூணாவது தடவை சிரிப்பாங்களா?

டெஸி நேராக ஃப்ராய்ண்டிடம் போனார். லூசி நடித்த படத்துக்கு 1943ல் ஃப்ராய்ண்ட் ஒளிப்பதிவு செய்திருந்தார், பழக்கம் உண்டு. செட்டில் எல்லோரும் அவரை 'பாப்பா' என்று கூப்பிடுவார்கள். நம்ம ஊர் பாப்பா இல்லை, அப்பா என்கிற அர்த்தத்தில். பாப்பாவின் முதல் பதில், முடியாது. தூரத்து ஷாட்டுக்கு ஒரு லைட்டிங், குளோசப்புக்கு வேறு லைட்டிங். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது என்றார். முப்பது வருடம் நிழலைச் செதுக்கின மனுஷனுக்கு அது அடிப்படைப் பாடம்.

பிறகு அவருக்கே அந்தப் பிரச்சினையில் ருசி தட்டிவிட்டது. சொந்தக் கம்பெனி வைத்திருந்தவர், பணத்துக்காக டிவி பக்கம் வரவேண்டிய அவசியமே இல்லை.

அவர் அமைத்த முறை இதுதான். மூன்று ஃபிலிம் கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். நடுவில் இருப்பது முழு அறையைப் பார்க்கும், ஓரத்தில் இருக்கிற இரண்டும் நெருக்கமான ஷாட்களை எடுக்கும். மூன்றும் ட்ராலியில் நகரும். தரையில் விளக்கு ஸ்டாண்ட் இருந்தால் கேமராக்கள் முட்டிக்கொள்ளும், ரசிகர்களுக்கும் மறைக்கும். அதனால் விளக்குகள் முழுக்க மேலே. மேலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் கண்ணுக்குக் கீழே குழி விழும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு கேமராவின் மேலும் ஒரு சின்ன விளக்கு. செட்டில் எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம்.

இதில் இன்னும் ஒரு நுணுக்கம். அன்றைய ஒளிபரப்பில் கறுப்பு இன்னும் கறுப்பாகவும், வெள்ளை இன்னும் வெள்ளையாகவும் போய்ச் சேரும். அதைக் கணக்கில் எடுத்து, படத்தையே மிதமாக எடுத்தார். செட்டின் சுவர்களைச் சாம்பல் நிறத்தின் பல சாயல்களில் அடிக்கச் சொன்னார். அதாவது ஸ்டுடியோவில் அழகாகத் தெரிவதைப் பற்றி அவர் கவலைப்படலை. எங்கோ ஒரு வீட்டின் சின்ன, மங்கலான டிவி பெட்டியில் கடைசியாக எப்படித் தெரியும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார். ஆபரேட்டர் அறையில் தொழில் ஆரம்பித்த ஆள் இல்லையா, பார்க்கிறவனின் திரையிலிருந்து யோசிப்பது அவருக்கு இயல்பு.

இங்கேயும் அதே எச்சரிக்கை. பல ஃபிலிம் கேமராக்களை வைத்து டிவி நிகழ்ச்சி எடுப்பது அதற்கு முன்பே நடந்திருக்கிறது. அதை வாராவாரம் ஓடுகிற, சினிமாத் தரம் உள்ள, மற்றவர்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய முறையாக மாற்றியதுதான் இவர் பங்கு.

1951 அக்டோபர் 15 அன்று முதல் ஒளிபரப்பு. விளைவு நமக்குத் தெரியும். லூசில் பால் கர்ப்பமாக இருந்த சமயத்தில், புது எபிசோடுகளுக்கு இடையே பழையதை மறுபடி போட்டார்கள். நல்ல ஃபிலிமில் இருந்ததால் போட முடிந்தது. மறுஒளிபரப்பு என்பதே ஒரு வியாபாரமாக வளர்ந்தது. பழைய தொடரை நாம் பத்தாவது தடவை பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு அடியில் இந்த ஃபிலிம் சுருள்கள் இருக்கு.

இது வீழ்ச்சியா?

ஃப்ராய்ண்ட் 1969 மே 3 அன்று கலிஃபோர்னியாவில் காலமானார்.

இப்போ ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். 'கோலம்', 'மெட்ரோபோலிஸ்' எடுத்தவர் கடைசியில் நிழலே இல்லாத வீட்டுக் கூடத்தை எடுத்தார் என்பதை ஒரு சறுக்கலாகப் பார்ப்பவர்கள், படத்தை மட்டும் பார்க்கிறார்கள்னு நினைக்கிறேன். அவர் தீர்த்த பிரச்சினையைப் பார்க்கலை.

1924ல் கேட்கப்பட்டது: பேச்சே இல்லாமல் ஒரு கிழவரின் மனசுக்குள் போகணும். அதுக்குக் கேமராவை ஒரு உடம்போட கட்டணும். கட்டினார். 1951ல் கேட்கப்பட்டது: ஒரு நடிகை ரசிகர்கள் முன்னால் நிற்காமல் ஓடியாடணும், அவர் எங்கே ஓடினாலும் படம் கெடக் கூடாது. அதுக்கு நிழலைத் துடைக்கணும். துடைத்தார். முதலாவதில் கேமராவுக்கு விடுதலை. இரண்டாவதில் நடிகைக்கு விடுதலை. லூசில் பால் அந்தச் செட்டில் விழுந்து புரண்டு பண்ணின சேட்டைகளில் பாதி, தரையில் கோடு போட்டு "இந்த வெளிச்சத்தில்தான் நிற்கணும்" என்று சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

இதில் இழப்பே இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்த முறை சுலபமாக இருந்ததால் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பல பத்து வருடங்களுக்கு டிவி நகைச்சுவை முழுக்க ஒரே மாதிரி பளிச்சென்று, அழகே இல்லாமல் போனது. கருவியை வாங்கிக்கொண்டவர்கள், அதைச் செய்தவரின் கேள்வி கேட்கிற பழக்கத்தை வாங்கிக்கொள்ளலை.

நேரம் இருந்தா இந்த வாரம் இரண்டு விஷயம் பாருங்க. 'தி லாஸ்ட் லாஃப்' ஒன்றரை மணி நேரம்தான், இணையத்தில் தேடினால் கிடைக்கும். குறைஞ்சது முதல் ஐந்து நிமிஷம், அந்த லிஃப்ட் இறங்குகிற இடம். பிறகு 'ஐ லவ் லூசி'யில் ஏதாவது ஒரு எபிசோட். ஒன்று முடிஞ்ச கையோட இன்னொண்ணு பாருங்க. எங்கே வெளிச்சம் விழுது, எங்கே விழலைன்னு மட்டும் கவனிங்க. என்ன தோணுச்சுன்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.